12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம்! – பழைய டிராக்டர் வயரிங் சொல்லித் தரும் பாடம்



நம் பள்ளியில் படிக்கும் பலருடைய தெருவில் ஒரு டிராக்டராவது நிற்கும். ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு மெயின் ரோட்டில் நின்று பாருங்கள். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர், கரும்பு ஏற்றிய டிரெய்லர், எரு ஏற்றிய டிரெய்லர் என்று வரிசையாகப் போகும். அதில் எத்தனை வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம்! "ஏன் அண்ணே லைட்டு எரியல?" என்று கேட்டால், "வயரிங் போயிடுச்சு தம்பி, பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த "பாத்துக்கலாம்" பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வயரிங் போன டிராக்டர் எப்படி ஓடுகிறது?

பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் நின்றுவிடும். டீசல் இன்ஜின் அப்படி இல்லை. காற்றை நன்றாக அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடும். பழைய டிராக்டரை அணைப்பதற்குக்கூட மின்சாரம் வேண்டாம். ஸ்டாப் கேபிளை இழுத்தால் டீசல் வருவது நின்றுவிடும். மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்துவிட்டால் பேட்டரி இல்லாமலே ஒரு ஏக்கர் உழுதுவிடலாம் என்பார்கள். அதனால்தான் வயரிங் கெட்டாலும் "வண்டி ஓடுதே" என்று விட்டுவிடுகிறோம்.

என் பெரியப்பாவின் டிராக்டர் 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், 30 வருடத்திற்கு மேல் உழைத்த வண்டி. அதன் வயரிங்கைச் சரி செய்ய டவுனிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இரண்டு நாள் வந்தார். டார்ச் பிடிப்பதும், எழுதி வைப்பதும் என் வேலை. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் உள்ள மின்னோட்டவியல் பாடம் முழுவதும் அந்த வண்டிக்குள் இருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வண்டியில் இருந்த மூன்று குறை

1. ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. புது பல்பு போட்டும் அதே கதைதான்.
2. பதினைந்து நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுக்கவில்லை.
3. லைட்டைப் போட்டுக்கொண்டு வரப்பு ஏறி இறங்கினால் மீட்டர் போர்டுக்குள்ளிருந்து கரிந்த நாற்றமும் புகையும் வந்தது.

பெரியப்பா கேட்டார், "கருகின வயரை மாத்திட்டா முடிஞ்சுது, இல்லப்பா?"

அண்ணன் சொன்னார், "மாத்திடலாம் ஐயா. அடுத்த மாசம் புது வயரும் கருகும். வயர் கருகுறது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதனால வந்துச்சுன்னு பாக்கணும்."

நான் கற்ற முதல் பாடம் இதுதான்: கருகிய வயர் ஒரு விளைவு. காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

வேலைக்கு முன்: எந்த டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும்?

எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. எங்கள் வண்டியில் பேட்டரியின் எதிர்முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். எர்த் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

ஏன்? எதிர்முனையும் பாடியும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். ஸ்பேனரே சிவக்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது பொறி பட்டால் வெடிக்கும், உள்ளே இருக்கும் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். திரும்ப மாட்டும்போது எர்த் முனை கடைசி. மிகப் பழைய இங்கிலாந்து டிராக்டர்கள் சிலவற்றில் நேர்முனையைப் பாடியில் கொடுத்திருப்பார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பாடிக்குப் போகும் கேபிள் எது என்று பார்த்து அதை முதலில் கழற்ற வேண்டும்.

கையில் மோதிரம், உலோக வாட்ச் இருக்கக் கூடாது.

முதல் குறை: மங்கல் வெளிச்சம்

வீட்டு மின்சாரத்திற்குப் போக ஒரு வயர், வர ஒரு வயர். டிராக்டரில் போவதற்குத்தான் வயர். திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்புப் பாடி. பாடியில் துரு பிடித்தால், வயர் புதிதாக இருந்தாலும் பாதை அடைபட்டதுதான்.

அண்ணன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், இன்னொன்றை விளக்கின் உலோக உறையிலும் வைத்தார். அங்கே கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். எங்கள் வண்டியில் 2 வோல்ட் காட்டியது! அதாவது பேட்டரி தரும் 12 வோல்ட்டில் 2 வோல்ட் துருவிலேயே செலவாகிவிட்டது. விளக்குக்குக் கிடைத்தது 10 வோல்ட்தான். 2 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். இழை பல்பில் 12 வோல்ட் 10 ஆகக் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றினோம். அடியில் துருவும் பழைய பெயின்ட்டும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். விளக்கு மாட்டும் இடத்திலும் அதே வைத்தியம். மறுபடியும் அளந்தபோது 0.1 வோல்ட். வயர் ஒரு அடிகூட மாற்றவில்லை, வெளிச்சம் வந்துவிட்டது!

இரண்டாவது குறை: தானாக இறங்கும் பேட்டரி

இதற்கு ஒரு துப்பு எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. சாவியை எடுத்த பிறகும் டீசல் மீட்டரின் முள் கீழே இறங்கவில்லை. நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அண்ணன் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். "சாவி எடுத்தா இதுக்குக் கரண்ட் வரக்கூடாதே தம்பி, எங்கேருந்து வருது?" என்றார்.

எர்த் கேபிளைக் கழற்றி, பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்தார். எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில் 0.2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. (இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது. மீட்டர் போய்விடும்.)

ஒரு சின்னக் கணக்கு:
ஒரு நாள் இழப்பு = 0.2 x 24 = 4.8 ஆம்பியர்-மணி
எங்கள் பேட்டரி = 75 ஆம்பியர்-மணி
75 ÷ 4.8 = சுமார் 15 நாள்

பெரியப்பா சொன்ன அதே பதினைந்து நாள்! முழுதாகக் காலியாகும் முன்பே செல்ஃப் சுற்றுவதற்குச் சக்தி போதாமல் போய்விடும். பேட்டரி மேல் குற்றமே இல்லை.

பிறகு ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டே வந்தோம். எந்த வயரைக் கழற்றும்போது மீட்டர் 0 ஆகிறதோ, அங்கேதான் திருடன் இருக்கிறான். மீட்டர் போர்டுக்குப் பின்னால் இரண்டு வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள வயர், மற்றொன்று டீசல் மீட்டருக்குப் போகும் வயர். ஏன் உருகின? அதற்குக் காரணம் மூன்றாவது குறை.

மூன்றாவது குறை: புகை

ஹெட்லைட் வயர் பானெட் தகட்டில் உள்ள ஓட்டை வழியாகப் போகிறது. அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்து, வெடித்து, எப்போதோ விழுந்துவிட்டது. தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி வயரின் தோலை அறுத்துவிட்டது. அதோடு, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டி நிற்பதால் எலி வேறு இரண்டு இடத்தில் கடித்திருந்தது. வரப்பில் குலுங்கும்போது செம்பு தகட்டில் படும். ஷார்ட்!

ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போக வேண்டுமே? ஊரில் நாம் பீஸ் என்று சொல்வதைப் புத்தகத்தில் மின் உருகு இழை என்று படிக்கிறோம். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் அங்கே ஃபியூஸ் இல்லை, நாலைந்து செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தது. எந்தக் காலத்தில் யார் வைத்தார்களோ தெரியவில்லை. அவசரத்துக்கு வைத்தது நிரந்தரமாகிவிட்டது.

அண்ணன் அதைக் காட்டிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வயர்லயே வேணும்னு பலவீனமா வெச்ச இடம்தான் பீஸ், தம்பி. அது செத்து மத்ததைக் காப்பாத்தும். அதைச் சாகவிடாம பண்ணினா, மத்தது எல்லாம் சாகும்."

இதை ஜூல் வெப்ப விதியால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெப்பத்திறன் = மின்னோட்டத்தின் இருமடி x மின்தடை. ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டது.

1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 3 மீட்டர் இருந்தால் அதன் மின்தடை சுமார் 0.05 ஓம்.

நல்ல நிலையில்: 55 வாட் பல்பு இரண்டு. 110 ÷ 12 = 9.2 ஆம்பியர். வயரில் தோன்றும் வெப்பம் 9.2 x 9.2 x 0.05 = சுமார் 4 வாட். தொட்டால்கூடத் தெரியாது.

ஷார்ட் ஆகும்போது: 100 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். டிராக்டர் பேட்டரிக்கு இது சாதாரணம், செல்ஃப் மோட்டாருக்கு அதைவிட அதிகமே தருகிறது. 100 x 100 x 0.05 = 500 வாட்! பென்சில் அளவுகூட இல்லாத வயருக்குள் பாதி இஸ்திரிப் பெட்டியின் சூடு. மின்னோட்டம் 11 மடங்குதான் கூடியது. வெப்பமோ 100 மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இருமடியின் வேலை அதுதான்.

12 வோல்ட் நம்மை ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் தீ வைக்கும். பக்கத்தில் டீசல் குழாய் கசிகிறது, மேலே வைக்கோல் தூசி ஒட்டியிருக்கிறது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வயரின் மேல்தோல் பி.வி.சி. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வரும். கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான்.

சரி செய்த முறை

1. கழற்றும் முன் படம். எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்தோம். ஒவ்வொரு முனையிலும் காகிதம் ஒட்டி எண் போட்டோம். ஒரு வயரைக் கழற்றி, மாற்றி முடித்த பிறகுதான் அடுத்த வயர்.

2. சரியான வயர். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி வயர் வண்டிக்கு ஆகாது. அதிர்வில் ஒடிந்துவிடும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த ஆட்டோ வயர்தான் வேண்டும். ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டோம். 3 மீட்டருக்கு அதன் தடை 0.02 ஓம்தான். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அரை வோல்ட் வீணாகும் இடத்தில் இதில் 0.2 வோல்ட்கூட வீணாகாது. கனமான வயர் என்றால் பிரகாசமான விளக்கு.

3. முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. வெயிலில் டேப்பின் பசை இளகும், அதிர்வில் முறுக்கு தளரும், தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு. ஆகவே லக் வைத்து அதற்கான கருவியால் நசுக்கி இறுக்கினோம். மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ். ஸ்லீவை வயருக்குள் முதலிலேயே கோத்துக்கொள்ள வேண்டும், இணைத்த பிறகு போட முடியாது! ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்துப் போகும், குலுங்கும்போது ஓரத்தில் ஒடியும். அப்படிப் பற்றவைத்தால் பக்கத்திலேயே கிளிப் போட்டு ஆடாமல் பிடிக்க வேண்டும்.

4. பாதுகாப்பான பாதை. தகட்டு ஓட்டையில் புது ரப்பர் வளையம். வயர்களை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சைலன்சர் சூடு படாமலும், ஃபேன் பெல்ட்டுக்கு எட்டாமலும் கிளிப் போட்டுக் கட்டினோம். எலிக்கு மருந்து வைப்பதைவிட, வைக்கோல் போரை விட்டு வண்டியைத் தள்ளி நிறுத்துவது நல்லது என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

5. காவல்காரன். ஹெட்லைட் 9.2 ஆம்பியர் எடுக்கும், அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் பேட்டரிக்கும் ஃபியூசுக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. சீட்டுக்கு அடியில் டப்பாவில் ஸ்பேர் ஃபியூஸ் நாலு போட்டு வைத்தோம். ஸ்பேர் இருந்தால் யாரும் கம்பியை முறுக்கி வைக்க மாட்டார்கள்.

6. டிரெய்லர் சாக்கெட். உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. புது சாக்கெட் போட்டு, டிரெய்லருக்கு எர்த்துக்கென்று தனி வயர் கொடுத்தோம். கொக்கியும் பின்னும் எர்த் கொடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. ஓடும்போது அவை ஆடிக்கொண்டே இருக்கும், விளக்கும் விட்டு விட்டு எரியும்.

7. கடைசிச் சோதனை. பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட். 13.8 முதல் 14.4-க்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

மறக்கக் கூடாத மூன்று

* ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றக் கூடாது. உள்ளே உள்ள டையோடுகள் போய்விடும்.
* வண்டியில் எங்கேயாவது வெல்டிங் வைப்பதென்றால் முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்ற வேண்டும்.
* வயர் புகைந்தால் இன்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எர்த்தைக் கழற்ற வேண்டும். டீசலும் சேர்ந்து எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் அல்லது உலர்தூள் தீயணைப்பான். தீ பெரிதானால் வண்டியை விட்டுத் தள்ளிப் போவதே புத்திசாலித்தனம்.

நண்பர்களே, இதை எல்லாம் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கை வையுங்கள்.

ஒரு சிவப்பு விளக்கின் விலை

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு வினாடியில் 16.7 மீட்டர் ஓடும். முன்னால் இருட்டில் ஒரு டிரெய்லர் நிற்கிறது என்று கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்தாலும் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். விளக்கில்லாத டிரெய்லர் பைக்கின் டிம் லைட்டில் தெரியும்போது பெரும்பாலும் அவ்வளவு தூரம் இருக்காது. பின்னால் எரியும் 5 வாட் சிவப்பு பல்பு அந்த தூரத்தைப் பல மடங்கு கூட்டித் தருகிறது. அது எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு.

அந்த பைக்கில் வருவது டியூஷன் முடித்து வரும் நம் அண்ணனாக இருக்கலாம், சந்தைக்குப் போய்த் திரும்பும் நம் அப்பாவாக இருக்கலாம். ஆகவே உங்கள் வீட்டில் டிராக்டர் இருந்தால் இன்று சாயங்காலம் இரண்டே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இரண்டு, பெரியவர்களை அழைத்து ஃபியூஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருப்பது ஃபியூசா, முறுக்கிய கம்பியா என்று பாருங்கள்.

யோசித்துப் பாருங்கள்!

1. 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 ஆம்பியர் ஃபியூஸ் போடலாமா?
2. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. எங்கே கோளாறு?
3. இன்ஜின் நிற்கும்போதும் 12.4 வோல்ட், நன்றாக ஓடும்போதும் 12.4 வோல்ட். என்ன அர்த்தம்?

விடைகள்: 1. கூடாது. ஃபியூஸ் வயரைக் காப்பதற்காக இருப்பது. ஏன் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 2. எர்த்தில். திரும்பிப் போகும் வழி அடைபட்டதால் மின்னோட்டம் பக்கத்து பல்பு வழியாக வழி தேடுகிறது. 3. சார்ஜ் ஏறவில்லை. பெல்ட்டையும் சார்ஜிங் வயரையும் பார்க்க வேண்டும்.



– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு